கலங்கல் ஒயினைக் கவிழ்க்கும் முறை

1

மனித நாகரிகம் நெருப்பில் பிறக்கவில்லை, சக்கரத்தில் பிறக்கவில்லை. எங்கோ ஒரு பள்ளத்தில் நசுங்கிக் கிடந்த திராட்சை, யாருடைய அனுமதியும் கேட்காமல் தானாகப் புளித்த அந்தப் புனிதக் கணத்தில் பிறந்தது.

இந்த வாக்கியத்துக்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தேன். படித்துப் பார்த்த அண்ணி, பென்சிலை எடுத்து "புனித" என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டுவிட்டு, "தம்பி, அந்தக் கணத்துல நீங்க பக்கத்துல இருந்தீங்களா?" என்று கேட்டார்.

இல்லை. ஆகவே கதை உண்மையில் எங்கே பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி (என் அண்ணன் மனைவி, இந்தக் கதையில் வருகிற ஒரே புத்திசாலி) காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டு, ஒரு பக்கத் தெருவில், சாவி செய்கிறவர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒயின் கடை திறந்தார். அவருக்கு இரண்டு நிபந்தனைகள். பழைய முறையில், இயற்கையாகச் செய்த ஒயினாக இருக்க வேண்டும். ஒரு பள்ளி ஆசிரியை சனிக்கிழமை வந்து, கணக்குப் போடாமல் வாங்கிப் போகிற விலையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே போத்தலில் அடங்காது என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னது பலித்தது போலத்தான் கடையும் காலியாக இருந்தது.

வாடகை ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால், வாராவாரம் நிலையாக வாங்குகிற ஒரு வாடிக்கை வேண்டும். கிடைக்காவிட்டால் மறுபடி காப்பீட்டு அலுவலகம். அங்கே பழைய மேலாளர் அண்ணியின் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். அவ்வப்போது போன் செய்து, "சீட் காலியாத்தான் இருக்கு மேடம்" என்பார். அவர் அதை அன்பு என்று நினைத்தார். அண்ணிக்கு அது, தன் உயரத்துக்குச் சவப்பெட்டி தயாராகிவிட்டது என்று யாரோ சொல்வது போலக் கேட்டது.

அண்ணி அந்த நாற்காலிக்குத் திரும்பினாரா இல்லையா என்பதுதான் கதை. திராட்சை, நாகரிகம் எல்லாம் பந்தல் அலங்காரம்.

2

ஒயின் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். போக மாட்டார்கள், பிழை பிடிக்க உட்கார்ந்திருப்பார்கள்.)

சாதாரணமாகக் கடையில் கிடைக்கிற ஒயினில் பாக்கெட் ஈஸ்ட் போடுவார்கள். புளிப்பைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், கண்ணாடி போல ஆகும்வரை வடிகட்டுவார்கள். பழைய முறையில் இதெல்லாம் இல்லை. திராட்சைத் தோலில் தானாக ஒட்டிக்கொண்டு வருகிற ஈஸ்டே வேலையைப் பார்க்கும். வடிகட்டுவதில்லை என்பதால் கலங்கலாக இருக்கும், அடியில் மண்டி தங்கும். சுருக்கமாக, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது. ஒன்றும் செய்யாததற்கு நியாயப்படி குறைந்த விலைதான் இருக்க வேண்டும். ஆனால் நகரத்தில் ஒன்றும் செய்யாதவர்களுக்குத்தானே சம்பளம் அதிகம்? ஒயினும் அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டது.

அப்படிப்பட்ட ஒயின் விற்கிற ஒரு மதுக்கூடத்துக்கு அண்ணன், அண்ணி, நான் மூவரும் போனோம். சுவரில் காரை உதிர்ந்திருந்தது. ஆள் வைத்து உதிர்த்ததாம். தாடிக்காரர் ஒருவர் எங்கள் மேசையருகே குந்தி, குரலைத் தாழ்த்தி, "இந்த ஒயின் உங்ககிட்ட ஏதோ சொல்ல வருது" என்றார்.

விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "சொல்லிடுச்சுங்க" என்றான்.

3

கண்டுபிடிப்பு நடந்தது லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடுகிற ஒரு கடையில். அண்ணி ஒயின் தேடி எங்கேயோ போய், வெறுங்கையோடு திரும்பி வருகிற வழி. சாப்பாட்டோடு ஒரு குவளையில் ஒயின் வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, வருஷம் இல்லை. ஒரு வாய் குடித்த அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது யாரு போடுறது?"

பரிமாறியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு."

"அப்புறம் ஏங்க கேக்குறீங்க?"

கடைக்குப் பின்னால் மேட்டில் இருந்த தோட்டத்துக்கு வழி சொன்னார்கள். அங்கே இருந்த தோட்டக்காரம்மா அண்ணியை ஏதோ அரசாங்கச் சோதனை என்று நினைத்துக் கொஞ்ச நேரம் கதவைத் திறக்கவில்லை. திறந்த பிறகு நடந்த உரையாடலை அண்ணி எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார்.

"பாக்கெட் ஈஸ்ட் போடுறதில்லையாம்மா?"

"அதுக்குக் காசு குடுக்கணுமே."

"வடிகட்டுறதில்ல?"

"அந்த மெஷின் என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?"

"செடிக்கு மருந்து?"

"மருந்து அடிக்கிறவனுக்குக் கூலி உங்கப்பாவா குடுப்பாரு? கோழிய விட்டிருக்கேன். அது பாட்டுக்குக் கொத்திட்டுத் திரியுது." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "கலங்கலாத்தான் இருக்கும், மன்னிச்சுக்கோ. கண்ண மூடிக்கிட்டுக் குடி, தெரியாது" என்றாராம்.

போத்தலுக்குக் கார்க்கும் கிடையாது. இழுத்து மூடிய ஒரு சோடா கம்பெனியின் மூடி அடிக்கிற இயந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வைத்திருந்தார். நெளிநெளியாக விளிம்பு கொண்ட, நாம் எல்லோரும் பல்லால் திறந்து அடி வாங்கிய அதே சோடா மூடி.

அண்ணி வீடு வந்து சேர்ந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னதை இங்கே முழுதாகத் தருகிறேன். இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த ஒரே தத்துவம் அதுதான்.

"தம்பி, இத்தன நாள் நான் தப்பான இடத்துல தேடியிருக்கேன். 'இயற்கை'ன்னு எழுதியிருக்கிற இடத்துல எல்லாம் அந்த எழுத்துக்கும் சேர்த்து விலை. அந்தம்மா கொள்கையால பண்ணல, கஞ்சத்தனத்தால பண்றாங்க. கொள்கைய நம்பிக் கடை நடத்த முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். கஞ்சத்தனம் மாறவே மாறாது."

அதற்குப் பிறகு அவர் கொள்கையுள்ளவர்களைத் தேடுவதை விட்டுவிட்டு, கஞ்சர்களைத் தேடி ஊர் ஊராகப் போனார். அலமாரி நிறைந்தது.

4

(நீக்கப்பட்ட வரிகள். மனசு வராமல் ஓரமாக வைத்திருக்கிறேன்.)

நிலவறையின் இருளில் பழம்பெரும் மண்தாழிகள் தவமிருக்க—

(சிமெண்ட் தொட்டி. – அண்ணி)

கன்னியர் பாடியபடி வெறுங்காலால் கனிகளை மிதிக்க—

(கையால சுத்துற மெஷின். பாட்டு ரேடியோவுல. – அண்ணி)

கதிரவன் தன் பொற்கரங்களால்—

(வேண்டாம். – அண்ணி)

5

தெருமுனையில் ஓர் உணவகம். வெள்ளை மேசைவிரிப்பு, கனமான கத்தி, நாற்காலியை இழுத்தால் சத்தம் வராத கம்பளம். அங்கே ஒயின் பட்டியலில் இடம் கிடைத்தால் வாரம் தவறாமல் பெட்டி பெட்டியாகப் போகும், ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிடலாம். மதியச் சாப்பாடு முடிந்து, சாயங்காலக் கூட்டம் வருவதற்கு முன்னால் வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணி பின்னால் வர, பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். எழுத்தாளனுக்கு இலக்கியத்தில் கிடைக்காத பாரம் வாழ்க்கையில் கிடைக்கும்.

முதலாளியம்மா குடித்துப் பார்த்தார். "நல்லாருக்கே" என்றார். விலையைக் கேட்டார். "நிஜமாவா?" என்றார். எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது.

பக்கத்தில் நின்றிருந்தவர் லேசாகத் தொண்டையைச் செருமினார். தலைமைச் சர்வர். அவரை எல்லோரும் துரை என்றுதான் கூப்பிட்டார்கள். அது பெயரல்ல, நடைக்குக் கொடுத்த பட்டம்.

"இத எப்படித் திறக்குறது?"

"மூடி திறக்கிற சாவியாலதாங்க," என்றார் அண்ணி.

"மேசைக்கு முன்னாடியா?"

"ஆமா."

துரை, இறந்தவர் வீட்டில் நிற்கிற மாதிரி ஒரு நிமிடம் நின்றார். பிறகு, அது எத்தகைய இழப்பு என்று நமக்குப் புரிவதற்காக, வேறொரு போத்தலை எடுத்து வந்து கார்க் திறந்து காட்டினார். கையில் வெள்ளைத் துண்டு. இடுப்பிலிருந்து வெளிவரும் சின்னக் கத்தி. திருகு இறங்கும்போது ஒரு சின்ன மௌனம். வெளியே வந்த கார்க்கைத் தட்டில் வைத்து வாடிக்கையாளர் பக்கம் நகர்த்துவார். அவர் முகர்வார், தலையாட்டுவார். எதற்காக முகர்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. எதற்காகத் தலையாட்டினார் என்று யாரும் கேட்கக் கூடாது.

"இதுக்குத்தாங்க வர்றாங்க," என்றார் துரை. "ஒயினு வீட்லயும் இருக்கு."

முதலாளியம்மா கையை விரித்தார். "துரைக்குச் சரின்னா எனக்குச் சரி."

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். பகட்டு எப்படி ருசியைக் கொன்றது, சோடா மூடி எப்படி நேர்மையின் சின்னம் என்று ஒரு சிற்றுரை. நன்றாகத்தான் பேசினேன். பேசி முடித்தபோது முதலாளியம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரை எனக்காகக் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அதையும் அழகாகச் செய்தார்.

6

ஒரு பாத்திரச் சந்தேகம்.

முதல் வரைவில் துரையை வில்லனாக எழுதினேன். உள்ளே ஒன்றுமில்லாத ஆள், நல்ல சட்டை போட்ட காலிப் போத்தல் (இந்த உவமையில் எனக்கு ரொம்பப் பெருமை) என்று ஒரு பக்கம் ஓடியது. அண்ணி படித்தார்.

"காலிப் போத்தலா? அந்த ஆளு கார்க் எடுக்குறப்ப நீங்க மூச்சு விடல தம்பி. நான் பாத்தேன்."

"அது வேற."

"என்ன வேற?"

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே குறுக்கே வந்தான். "இவன் கவிதை வாசிக்கிற கூட்டத்துல எல்லாரும் மூச்சு விட்டுட்டுத்தான் இருக்காங்க. அதான் கோபம்."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ஆனால் வில்லன் போனதும் கதையில் பெரிய ஓட்டை விழுந்தது. நேர்மையான ஒயின், பகட்டான உலகம், கடைசியில் நேர்மைக்கு வெற்றி என்று நான் போட்டு வைத்திருந்த தண்டவாளத்தில் ரயிலே வரவில்லை. அன்று பார்த்து அலுவலகத்திலிருந்து போன். சீட் காலியாகத்தான் இருந்ததாம். அண்ணி, "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார். அதற்கு முன்னால் அவர் ஒருமுறைகூட யோசிப்பதாகச் சொன்னதில்லை.

7

மறுநாள் அண்ணி தனியாகப் போனார். (நான் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்பதை இவ்வளவு வேகமாகச் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.) சர்வர்கள் சாப்பிடுகிற நேரம் பார்த்து, சமையலறைப் பக்க வாசலால் உள்ளே போய், துரைக்கு எதிரே உட்கார்ந்து போத்தலை மேசையில் வைத்தார். அனுமதி கேட்கவில்லை. உதவி கேட்டார்.

"துரை சார், ஒரு சிக்கல். இதுல மண்டி எல்லாம் அடியில உக்காந்திருது. அப்படியே ஊத்தினா மொதல் கிளாஸ் தண்ணி மாதிரி, கடைசி கிளாஸ் கூழ் மாதிரி. ரெண்டு பேரு ஒரே போத்தல்ல குடிச்சு ரெண்டு விதமா சண்ட போடுவாங்க. திறக்குறதுக்கு முன்னாடி மெதுவாக் கவிழ்த்து நிமிர்த்தணும். உள்ள லேசாக் காத்து இருக்கு, குலுக்கினா பொங்கிரும். எனக்குக் கை நிதானம் கிடையாது. எப்படிப் பண்றதுன்னு நீங்கதான் சொல்லணும்."

துரை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். கையைக் கழுவி, துடைத்து, போத்தலை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்லச் சாய்த்தார். அடியில் படிந்திருந்த மண்டி அசைந்தது. பிறகு ஒரு மெல்லிய புகைபோல எழுந்து, கழுத்துவரை போய், தங்க நிறத்தில் பரவித் திரும்பியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்றவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"இன்னொரு தடவ," என்றார் பாத்திரம் கழுவுகிற அக்கா.

துரை இன்னொரு தடவை செய்தார். இடது கையைப் போத்தலின் அடியில் கொடுத்து, வலது கையால் கழுத்தைத் தாங்கி, தூங்குகிற குழந்தையைக் கை மாற்றுகிற மாதிரி. பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருதடவை. துண்டு இல்லாமல் ஒருதடவை. விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் மட்டும் வைத்து ஒருதடவை. அந்தச் சாயங்காலம் அவர் மேசைக்குப் போகாமல் சமையலறையிலேயே போத்தலைக் கவிழ்த்துக்கொண்டிருந்ததால் முதலாளியம்மாவே தேடிக்கொண்டு வந்தாராம்.

மூடிக்கும் அவரே வழி கண்டுபிடித்தார். துண்டுக்கு உள்ளே சாவியை வைத்து, லேசாகத் திறந்து, "ப்ஸ்" என்று காற்று வருகிற அந்த நொடியில் போத்தலை வாடிக்கையாளரின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "கேளுங்க" என்பார். இத்தனை காலம் மூக்கால் நடந்த பூஜை காதுக்கு மாறியது. எதைக் கேட்கிறோம் என்று இப்போதும் யாருக்கும் தெரியாது.

அண்ணி இதை என்னிடம் சொன்னபோது எனக்கு ஒரு தார்மீகப் பிரச்சினை எழுந்தது. "அண்ணி, இதுவும் பகட்டுதானே?"

"பகட்டுதான்," என்றார். "ஆனா கவிழ்க்காமக் குடிக்க முடியாதே தம்பி. தேவையான வேலைய ஒருத்தர் அழகாப் பண்ணினா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

8

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரங்கேற்றம். முதல் போத்தல் எனக்கு. சாதாரண வாடிக்கையாளர் போல நடுமேசையில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். அண்ணி சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால். துரை வந்தார். கவிழ்த்தார். மேகம் எழுந்தது. "கேளுங்க" என்றார். கேட்டேன். ஊற்றினார்.

பக்கத்து மேசையில் ஒரு பல் மருத்துவரும் அவருடைய மாமியாரும். மாமியார் வெளிப்படையாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை உயர்த்தினேன், முகர்ந்தேன், குடித்தேன், அந்த வரிசைக்கே கேட்கும்படி சொன்னேன்:

"முதல்ல தீக்குச்சி உரசின வாசன. அது போனதும் பச்ச ஆப்பிள் தோல். அப்புறம் மழ நின்ன பிறகு கல்லுலேர்ந்து வர்ற வாசன. கடைசியில நாக்கு ஓரத்துல லேசா உப்பு."

பல் மருத்துவர் ஏற்கெனவே ஒரு விலையுயர்ந்த போத்தலைக் கேட்டிருந்தார். மாமியார் கை காட்டி நிறுத்தினார். "மாப்ள, அத விடுங்க. அந்தத் தம்பி குடிக்கிறதக் கொண்டு வரச் சொல்லுங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு துரைக்கு நிற்க நேரமில்லை. ஒவ்வொரு மேசையிலும் மேகம் எழுந்தது. ஒவ்வொரு மேசையும் பக்கத்து மேசையைப் பார்த்து அதையே கேட்டது. மாமியார் இரண்டாவது போத்தலும் கேட்டார். பெரிய மனிதர்கள் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி தீர்ந்து, அண்ணி கடைக்கு ஓடிப்போய், வழியில் அண்ணனையும் இழுத்துக்கொண்டு இன்னொரு பெட்டி கொண்டுவந்தார். வட்டக் கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. வீட்டில் குக்கர் விசிலை எண்ணுகிற மாதிரி உதட்டை அசைத்து ஒவ்வொரு "ப்ஸ்"ஸையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

9

மறுநாள் காலை முதலாளியம்மா கூப்பிட்டு அனுப்பினார். எடுத்துக்கொள்கிறாராம், வாராவாரம். ஒரே ஒரு திருத்தம்: பட்டியலில் விலையை மும்மடங்காக்கப் போகிறார்.

"அப்போ தர மாட்டேன்," என்றார் அண்ணி.

நான் அண்ணியின் முழங்கையை இடித்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

"உங்களுக்கு வர்ற காசு வரத்தானே போகுது?" என்றார் முதலாளியம்மா.

"எனக்கு வரும். கண்ண மூடிக்கிட்டு வாங்குற விலைக்கு நல்ல ஒயின் இருக்குன்னு காட்டத்தான் கடை போட்டேன். அதையும் மூணு மடங்காக்கினா நான் பழைய ஆபீஸுக்கே போயிருவேன். அங்க ஏசி இருக்கு."

இந்த இடத்தில் கதை முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அப்போது துரை தொண்டையைச் செருமினார்.

"விலை கூடினா ஒரு மேசைக்கு ஒரு போத்தல்தாம்மா போகும். இப்ப ரெண்டு, மூணு கேக்குறாங்க." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஒரு மேசைக்கு ஒரு தடவதான் கவிழ்க்கணும்னா எனக்குக் கை வராது."

முதலாளியம்மாவுக்கு வேறு எதற்கும் பயமில்லை. துரைக்குக் கை வராமல் போவதற்குப் பயம். விலை அப்படியே நின்றது.

அண்ணி அங்கிருந்தே அலுவலகத்துக்குப் போன் போட்டார். "சார், அந்த சீட்ட யாருக்காவது குடுத்திருங்க." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "ஆமா சார், நல்லா யோசிச்சுட்டேன்." சாவி செய்கிறவர், சலவைக் கடைக்காரர் எல்லோருக்கும் அன்று கடையில் இலவசம். தோட்டக்காரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதற்கு, "தலகீழாக் கவுத்தா குடிக்கிறாங்க? பணக்காரங்களுக்கு என்ன கேடு" என்று நெடுநேரம் சிரித்தாராம்.

10

இப்போது முடிவு. மூன்று எழுதினேன்.

(அ) நல்ல ஒயின் தன் தரத்தால் வென்றது. வேடிக்கை வெறும் வேடிக்கை. மாமியார் இரண்டாவது போத்தல் கேட்டது நாக்கு சொல்லித்தான். இந்த முடிவுதான் வேண்டும் என்கிறார் அண்ணி.

(ஆ) துரை வென்றார். அவர் கையில் வாய்க்கால் தண்ணீரைக் கொடுத்தாலும் மேகம் எழுப்பி விற்றிருப்பார். அண்ணன் கட்சி இது. துரையிடம் கேட்டேன்; "வாய்க்கால் தண்ணில மண்டி சமமா எழாது சார்" என்றார்.

(இ) அந்த நடுமேசையில், தக்க சமயத்தில், தக்க குரலில் சொல்லப்பட்ட என் வர்ணனை வென்றது. கட்சியில் இப்போதைக்கு நான் மட்டும்.

எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு நீங்கள் போய் ஒரு போத்தல் வாங்கி, மெதுவாகக் கவிழ்த்து, குடித்துப் பார்க்க வேண்டும். ஒயின் உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருந்ததா என்பதற்கு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

அரங்கேற்றம் நடந்த அந்த வாரம் முழுக்க எனக்கு ஜலதோஷம்.